வலி மாத்திரையும் இரண்டாவது பக்கவாதமும்

(எளாவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு முறை பக்கவாதம் வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. அதிலும் குறிப்பாக, முடக்குவாதம் என்ற மூட்டு நோயும் சேர்ந்து உள்ளவர்களைப் பற்றி. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு இடங்களில் இரண்டு வைத்தியம் நடக்கிறது. பக்கவாதத்துக்கான சீட்டு சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.-இலோ எழுதப்பட்டிருக்கும். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை என்று அதில் வரிசையாக இருக்கும். மூட்டுக்கோ பெரும்பாலும் சீட்டே கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்து மெடிக்கலில், "அண்ணா, கைவலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்குவதோடு சரி. முதல் சீட்டை எழுதிய டாக்டருக்கு இந்தச் செட்டைப் பற்றித் தெரியாது. செட்டைக் கட்டிக் கொடுப்பவருக்கு அந்தச் சீட்டைப் பற்றித் தெரியாது. இந்த இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேர்கின்றன. முடக்குவாதம் உள்ளவருக்கு இரண்டாவது பக்கவாதத்தைத் தடுக்க வேண்டுமானால் அவருடைய மூட்டை வெறும் வலியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிரஷரைப் போல, சர்க்கரையைப் போல அதையும் ரத்தக்குழாயைக் கெடுக்கும் ஒரு நோயாக எண்ணி வைத்தியம் செய்ய வேண்டும். நான் நிறுவ வந்தது இதைத்தான்.

முதலில் இரண்டாவது பக்கவாதம் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று பார்ப்போம். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2011-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, முதல் பக்கவாதம் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு ஓராண்டுக்குள் அது திரும்ப வருகிறது. ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 26 பேருக்கு. நான்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கை மட்டும் கொஞ்சம் தளர்ந்து, பேச்சு சற்றுக் குழறி, பிறகு நடமாடத் தொடங்கியவர்கள்கூட இரண்டாவது தடவையில் படுக்கையோடு போய்விடுகிறார்கள். ஆனால் இது தலைவிதி என்று விட வேண்டியதில்லை. 2001-இல் வெளியான 'புராக்ரஸ்' என்ற சோதனையில், ஏற்கெனவே பக்கவாதமோ அதன் சிறு எச்சரிக்கையோ வந்த 6,105 பேரிடம் ரத்த அழுத்தத்தை மாத்திரையால் குறைத்துப் பார்த்தார்கள். மேல் அளவு சராசரியாக 9 புள்ளிதான் குறைந்தது. அதற்கே மறுபடி பக்கவாதம் வருவது 28 விழுக்காடு குறைந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து 12 புள்ளி குறைத்தவர்களிடம் 43 விழுக்காடு. இந்த எண்களை மனதில் வைத்திருங்கள். பிரஷர் கருவியில் ஐந்து, பத்து புள்ளி என்பது நமக்கு அலட்சியமாகத் தோன்றும். மூளைக்குப் போகும் குழாய்க்கு அது அலட்சியம் இல்லை. இத்தோடு ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, புகையை விடுவது, சர்க்கரைக் கட்டுப்பாடு. இரண்டாவது பக்கவாதத்துக்கு எதிரான வேலி பெரும்பாலும் இவ்வளவுதான்.

இனி முடக்குவாதம். வயதானால் முட்டி தேய்கிறதே, அது வேறு. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி தொடங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது, குடத்தைத் தூக்க முடியாது, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். தேய்மானத்தில் வலி நேர்மாறாக மாலையில், நடந்து களைத்த பிறகு அதிகமாகும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டாலே பாதி நோயறிந்த மாதிரி. 1993-இல் டெல்லிக்கு அருகே பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்கு 0.75 பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் ஊர்ப்பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006-இல் தமிழ்நாடு முழுவதும் சிக்குன்குனியா அடித்து ஓய்ந்ததிலிருந்து, எந்த மூட்டு வீங்கினாலும் "அந்தக் காய்ச்சல் விட்டுப்போன வலி" என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரின் மறைவில் எத்தனையோ பெண்கள் முடக்குவாதத்தை வருடக்கணக்கில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் ஒரு மருத்துவரின் விரல்கள் அந்தக் கணுக்களைத் தொட்டுப் பார்ப்பதும் போதும், சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

விரல் கணுவில் எரியும் நோய்க்கும் மூளைக்குப் போகும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூட்டில் இந்த அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருட்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை; ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. குழாயின் உள்சுவர் கெடுகிறது, கொழுப்புப் படிவு நிலையற்றதாகிறது, ரத்தம் உறையும் சுபாவம் கூடுகிறது. டென்மார்க் நாட்டின் மக்கள் பதிவேடுகள் முழுவதையும் கொண்டு 2012-இல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்கிறோமே, இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடித்து அங்கே ரத்தம் கட்டியாகி மூளைக்கு எறியப்படும் நிலை, அது 40 விழுக்காடு அதிகம். ஐரோப்பிய முடக்குவாத மருத்துவர் சங்கம் முடக்குவாத நோயாளியின் இதய, ரத்தக்குழாய் ஆபத்தை வழக்கமான முறையில் கணக்கிட்டுவிட்டு, வந்த விடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளச் சொல்கிறது. ஏன் தெரியுமா? வழக்கமான கணக்கு இவர்களிடம் ஏமாந்துபோகிறது. நோய் உக்கிரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்து தெரியும், ஆபத்தோ கூடியிருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து "கொழுப்பு நார்மல்தான்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் பொய்யான நிம்மதியோடு போகிறார்.

இங்கே கூர்மையான ஒரு மறுப்பு எழும். இந்த எண்களெல்லாம் முதல் பக்கவாதத்துக்கு உரியவை. இரண்டாவதற்கும் அப்படியே பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடும்போது ஒரு கோணல் நுழையும் என்று புள்ளியியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். முடக்குவாதம் இல்லாமல் பக்கவாதம் வந்தவருக்கு வேறு ஏதோ பலமான காரணம் இருந்திருக்கும். ஆகவே இரு தரப்பையும் ஒப்பிட்டால் முடக்குவாதத்தின் பங்கு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியக்கூடும். உடல் பருத்தவர்களுக்கு நோய்க்குப் பின் ஆயுள் நீள்வதுபோல் சில ஆய்வுகளில் தோன்றுவதற்கும் இந்தக் கோணல் ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் என் வாதம் அந்த ஒப்பீட்டை நம்பி நிற்கவில்லை. முதல் பக்கவாதம் வந்துபோன பிறகும் முடக்குவாதம் அதே உடலில், அதே உக்கிரத்தோடு இருக்கிறது. பிரஷர், தாறுமாறான துடிப்பு, கெட்ட குழாய் ஆகியவைதான் இரண்டாவதற்கும் வழி. அந்த வழியில் பிரஷரைக் குறைத்தால் பலன் உண்டு என்று, பக்கவாதம் வந்தவர்களிடமே சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்து நிரூபித்தாகிவிட்டது. அப்படியானால் அந்தப் பிரஷரை மேலே தள்ளுகிற எதுவும் இரண்டாவது பக்கவாதத்துக்குத் துணைபோகிறது. அங்கேதான் அந்தச் செட்டு வருகிறது.

செட்டு என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்னக் காகித உறையில் உதிரியாக மூன்று நான்கு மாத்திரைகள். பெயர் இல்லை, அட்டை இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஒன்று வலிக்கு: டைக்ளோஃபெனாக்கோ, அசிக்ளோஃபெனாக்கோ, ஐபுபுரோஃபெனோ, எட்டோரிகாக்சிபோ. இன்னொன்று வயிற்றெரிச்சலுக்கு. மூன்றாவதாக, சாப்பிட்ட மறுநாளே ஆளை எழுப்பி உட்கார வைக்கும் சிறு ஸ்டீராய்டு மாத்திரை. இந்தக் குடும்பத்து வலி மாத்திரைகளின் இன்னொரு முகத்தை உலகம் 2004-இல் பார்த்தது. ரோஃபெகாக்சிப் என்ற புகழ்பெற்ற மூட்டுவலி மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று அதன் தயாரிப்பாளர்களே உலகச் சந்தையிலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். 2013-இல் நூற்றுக்கணக்கான சோதனைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பழைய, சாதுவான மருந்து என்று எல்லாரும் நம்பிய டைக்ளோஃபெனாக்கும் பெரிய இதய, ரத்தக்குழாய்ச் சேதங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது என்று தெரிந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்தத் தொகுப்பில் கூடியதில் பெரும்பகுதி மாரடைப்பு; பக்கவாதத்தை மட்டும் தனியாக எடுத்தால் கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. இருந்தும் ஐரோப்பிய மருந்து முகமை அதே ஆண்டில், இதய நோயோ முன்பு பக்கவாதமோ உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது. நம் நாட்டில் டைக்ளோஃபெனாக் மீது விழுந்த பெரிய தடை 2006-இல் வந்தது. அது கால்நடைக்கான மருந்துக்கு, பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்றுவதற்காக. மாட்டுச் சடலத்தின் வழியாக இந்த மருந்து போய்ச் சேர்ந்து கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கழுகுக்குக் கிடைத்த பாதுகாப்பு பக்கவாதம் வந்த மனிதருக்கும் கிடைக்கட்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லையே.

தடையைவிட முக்கியம், இந்த மாத்திரை நம் வேலியை எப்படி மேய்கிறது என்பது. சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துப் பிரஷரை ஏற்றும். பிரஷருக்குக் கொடுக்கும் பல மருந்துகளின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். 2017-இல் வெளியான ஒரு சோதனையில் மூட்டுநோயாளிகளுக்கு 24 மணி நேரமும் பிரஷரை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ஐபுபுரோஃபென் எடுத்தவர்களின் மேல் அளவு சராசரியாக 3.7 புள்ளி ஏறியிருந்தது. இப்போது முன்பு சொன்ன எண்ணை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: 9 புள்ளி இறக்கியதற்கு 28 விழுக்காடு லாபம். காலையில் அரசு மாத்திரை இறக்குவதில் கிட்டத்தட்டப் பாதியை இரவில் செட்டு மாத்திரை ஏற்றிவிடுகிறது என்றால் அது ஒரு கையால் இறைத்து மறுகையால் ஊற்றுகிற கதைதான். ஆஸ்பிரின் விஷயமும் அப்படியே. ஐபுபுரோஃபெனை முன்னால் சாப்பிட்டுவிட்டுப் பிறகு ஆஸ்பிரின் சாப்பிட்டால், ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஐபுபுரோஃபென் உட்கார்ந்துகொள்கிறது; ஆஸ்பிரின் வேலை செய்யாமலே கழிந்துபோகிறது. 2001-இலேயே தெரிந்த சங்கதி இது. இவற்றோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். கறுப்பாக மலம் போனதும் பயந்துபோய் நோயாளி நிறுத்துவது எதை? வலி மாத்திரையை நிறுத்தமாட்டார், நிறுத்தினால் வலிக்குமே. நிறுத்தினால் எதுவும் தெரியாத ஆஸ்பிரினைத்தான் நிறுத்துவார். ஸ்டீராய்டு தன் பங்குக்கு சர்க்கரையையும் பிரஷரையும் சேர்த்து ஏற்றும். பெயரில்லாத பாட்டிலில் 'நாட்டு மருந்து' என்று விற்கும் சில மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. இது முறையான சித்த மருத்துவத்தின் மேல் சொல்லும் குறையன்று. ஒரே வேளையில் வலி பறந்துவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள் என்பதுதான் கருத்து. ஒரு எச்சரிக்கையும் உடனே சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் இந்தப் பேச்சைக் கேட்டு நாளைக்கே அதை நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்கும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"அப்படியானால் வலியில் துடிக்கிறவள் என்ன செய்வது? பக்கவாதத்துக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?" இது எல்லா மறுப்புகளிலும் கனமானது, மருத்துவர்கள் இதை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வலி அற்பமில்லை. வலியோடு இருப்பவர் நடக்கமாட்டார், தூங்கமாட்டார்; நடக்காததும் தூங்காததும்கூடப் பிரஷரை ஏற்றும். ஆகவே வலி மாத்திரையைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது கொடுமை. நான் கேட்பது, வலிக்குக் காரணமான நோயை அடக்கும் மருந்தைக் கொடுங்கள் என்பது. மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவை அப்படிப்பட்டவை. இவை மறுநாளே வலியைப் போக்காது. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் ஆகும். ஆனால் பிடித்துக்கொண்டால் வலி மாத்திரையின் தேவையே அருகிவிடும். அதுவரைக்கும் பாராசிட்டமால், தேவைப்பட்டால் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொஞ்ச காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில். மெத்தோட்ரெக்சேட் விலை உயர்ந்த மருந்து அல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். மறந்துபோய்த் தினமும் சாப்பிட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள், ஆகவே சீட்டில் கிழமையின் பெயரை எழுதிக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஃபோலிக் அமிலம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, குடி கூடாது. இதெல்லாம் நமக்கு எட்டாத வைத்தியம் என்றும் சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முடக்குவாதத்துக்கென்று தனித்துறை 1970-களிலேயே வந்துவிட்டது. அதன் மருத்துவமனை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே. நம் ஊரிலிருந்து ரயில் ஏறினால் இறங்கும் இடத்தில் இருக்கிற துறைக்கு, விரல் கோணிய பிறகுதான் போகிறோம்.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கமிருந்து கேட்பார்கள்: அழற்சியைக் குறைத்தால் பக்கவாதம் குறையும் என்பது நிரூபணமானதா? 2019-இல் வெளியான 'சர்ட்' சோதனையில், இதய நோயோடு சர்க்கரையோ அதையொத்த கோளாறோ உள்ள 4,786 பேருக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. 2024-இல் 'கன்வின்ஸ்' சோதனை, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கால்ச்சிசின் என்ற அழற்சி மருந்தைக் கொடுத்தது. கொஞ்சம் குறைந்தாற்போல் தெரிந்தாலும் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குக் குறையவில்லை. இவற்றை மறைத்துப் பேசினால் அது பேச்சல்ல, விளம்பரம். ஆனால் சர்ட்டில் சேர்த்தவர்கள் முடக்குவாதக்காரர்கள் அல்லர். அவர்கள் ரத்தத்தில் அழற்சியின் அளவுகோல்களை அந்த மருந்து இறக்கவே இல்லை. இறங்காத அழற்சியின் பலனை எங்கே தேடுவது? முடக்குவாதம் உள்ளவர்களிடமோ மெத்தோட்ரெக்சேட் அழற்சியை இறக்குகிறது என்பது அன்றாடம் காணும் உண்மை. அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அது குலுக்கல் முறைச் சோதனை இல்லை. ஓரளவு உடல்நலமாக இருந்தவர்களுக்குத்தான் அந்த மருந்தை எழுதியிருப்பார்கள் என்ற ஐயம் தீராது. தீராமலே போகட்டும். அந்த ஐந்தில் ஒரு பங்கை முழுதாகத் தள்ளிவிட்டாலும் என் வாதத்துக்குச் சேதமில்லை. நோயை அடக்கினால் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் குறையும். அவை குறைந்தால் பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினால் இரண்டாவது பக்கவாதம் குறையும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி குலுக்கல் முறையில் நிரூபணமானது. அதே சமயம் முடக்குவாத மருந்து என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது. டோஃபாசிட்டினிப் என்ற புதிய மாத்திரையை, 50 வயதைத் தாண்டிய, இதய ஆபத்தும் உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்தபோது மற்ற நவீன மருந்துகளைவிட, மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த பெரிய இதய, ரத்தக்குழாய்ச் சேதங்களும் புற்றுநோயும் கூடியதாக 2022-இல் தெரியவந்தது. பக்கவாதம் வந்தவர் என்பதை மூட்டு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத நோய்க்காக அரசாங்கத் திட்டத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. முடக்குவாதம் அரிது, ஆனால் செட்டு அரிதா? தேய்மானத்துக்கும் இடுப்புவலிக்கும் அதே உறைதான் போகிறது. பக்கவாதம் வந்த எவருக்கும் அது கேடுதான். முடக்குவாதக்காரர் அதை வருடம் முழுக்கச் சாப்பிடுவதால் அவர் முன்வரிசையில் நிற்கிறார், அவ்வளவே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. முடங்கிக் கிடப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் செய்கிறது. வாசல் வரை ஒருவர் வந்து நிற்பது சிறிய சாதனை இல்லை. அப்படி வந்து நிற்கும் பெண் தன்னார்வலர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "காலையில எழுந்ததும் விரல் மடக்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" "வலிக்கு வெளியில ஏதாச்சும் மாத்திரை வாங்குறீங்களா, அந்தக் கவரைக் காட்டுங்க." 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில் ஆலைகளுக்குள்ளும் பரிசோதனை போன பிறகு, நம் சிப்காட் தொழிற்பேட்டையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்படத் தொழிலும் நிறைய. வார்ப்பு மணலின் சிலிக்கா தூசு நுரையீரலோடு நிற்பதில்லை. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரேக்களில், தூசு நோயும் முடக்குவாதமும் கைகோத்து வருவதை மருத்துவர் ஆந்தனி கேப்லன் 1953-இல் கண்டு எழுதினார். சிலிக்காவைச் சுவாசிப்பவர்களுக்கு முடக்குவாதம் கூடுதலாக வருகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன. அவர்கள் பீடி, சிகரெட்டும் பிடித்தால் இன்னும் மோசம். ஃபவுண்டரியில் வேலை செய்யும் ஆணுக்கு விரல் வீங்கினால் "கனமா தூக்குற வேலை, வலிக்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டு அறிவுரை சொல்வதால் மட்டும் ஏதாவது நடக்குமா என்பவர்களுக்கு ஆதாரம் உண்டு. அது எனக்கு எதிரான ஆதாரம். 'ஸ்பிரின்ட் இந்தியா' என்ற சோதனையில், நாட்டின் 31 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 4,298 பேரில் பாதிப் பேருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, காணொளி, கையேடு எல்லாம் கொடுத்தார்கள். ஓராண்டில் மறுபக்கவாதம், மாரடைப்பு, மரணம் எல்லாம் சேர்த்து அவர்களிடம் 5.5 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் 4.9. பலன் இல்லை என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2023-இல் வெளியான இந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. பெரிய மருத்துவமனையில் ஏற்கெனவே நல்ல கவனிப்பில் இருப்பவரின் கைப்பேசிக்கு மேலும் ஒரு செய்தி அனுப்புவதால் அவர் பையிலுள்ள மாத்திரைகள் மாறுவதில்லை. மாற வேண்டியது பை. ஆகவே தன்னார்வலர் அந்த உறையைப் பார்த்ததும் அறிவுரை சொல்லிவிட்டுப் போகாமல், பிரஷர் அட்டையிலேயே வலி மாத்திரையின் பெயரை எழுத வேண்டும்; ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அதைப் பார்த்து மாற்றி எழுத வேண்டும்; காலை விறைப்பு இருந்தால் முடக்குவாதத் துறைக்குச் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும். மாத்திரை கொடுக்கும் விதத்தையும் பாருங்கள். கோணிய விரலால் அலுமினிய அட்டையை அழுத்தி மாத்திரையை வெளியே எடுப்பது எவ்வளவு பாடு என்று யாராவது யோசித்தோமா? அதிலும் ஒரு கை விழுந்துவிட்டால் மற்ற கையின் கட்டைவிரல் மட்டுமே மிச்சம். மாத்திரை சாப்பிடாத நோயாளி என்று நாம் திட்டுகிறவர்களில் சிலர், அட்டையைப் பிரிக்க முடியாத நோயாளிகள். வாரத்துக்குத் தேவையானதைப் பிரித்து, எளிதில் திறக்கும் டப்பாவில் போட்டு வைப்பது வீட்டில் இருப்பவர் வேலை.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டு முடக்குவாதத்தில் மண்டையோட்டுக்குக் கீழே உள்ள முதல் இரண்டு முள்ளெலும்புகளின் பிடிப்பு தளர்ந்துவிடக்கூடும். மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய்கள் அங்கே எலும்பை ஒட்டித்தான் ஏறுகின்றன. இப்படிப்பட்டவர் சலூனில் முடி வெட்டியபின் தலையைப் பிடித்து 'டக்' என்று நெட்டி எடுக்கவிடுவது வினையை விலைக்கு வாங்குவது. பக்கவாதத்துக்குப் பின் கழுத்துப் பயிற்சி சொல்லித்தரும் இயன்முறையாளரிடமும் மூட்டு நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு வினோதம்: ஒரு பக்கம் விழுந்த பிறகு முடக்குவாதம் வந்தவர்களுக்கு, விழுந்த பக்கத்து மூட்டுகளை அது பெரும்பாலும் விட்டுவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் தாக்குவதை 1962-இலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயின் சூட்சுமத்தில் நரம்புக்கும் பங்கு உண்டு என்பதற்கு அது சான்று. நோயாளிக்கோ, கோலூன்றும் கையே வீங்கிப்போகும் துன்பம்.

இரண்டாவது பக்கவாதம் வந்தேவிட்டால், அதைக் கண்டுகொள்வதில் இவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். முடக்குவாதக்காரரின் கை எப்போதும்தான் தூக்க முடியாது. கரண்டி நழுவி விழுவது அவருக்குத் தினசரிச் செய்தி. ஆகவே வீட்டில் இருப்பவர் கேட்க வேண்டியது, நேற்று இந்தக் கை எவ்வளவு தூக்கியது, இன்று காலை எவ்வளவு என்பதை. மூட்டு வலியெடுத்துக் கையைத் தடுக்கும், நோயாளி முகத்தைச் சுளிப்பார். பக்கவாதத்தில் கை வலியில்லாமல் தொய்ந்து கீழே போகும். மூட்டு நாள்கணக்கில் மோசமாகும், பக்கவாதம் நிமிடத்தில். ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், பெரியது வருமுன் வரும் எச்சரிக்கை அது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம், அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். எளாவூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் கன்டெய்னர் லாரிகளின் நெரிசல். 108-ஐ அழைத்ததும் ஸ்கேன் உள்ள இடத்துக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாக அவரை நல்லபடி பார்த்த நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளில் அரசு மாத்திரைகளின் பெயர், மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் கிழமை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, பிறகு அந்தக் காகித உறை. உள்ளே இருப்பதன் பெயர் தெரியாவிட்டால் உறையையே கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.